வெளுத்த வாசனை

அத்தியாயம் 12

“உங்க பொண்ணை நீங்க தூக்குங்க மாமா.”

சொல்லிவிட்டேன். இந்த வீட்டுக்கு நான் வந்த மூன்றாம் நாளே, மாமாவின் அக்கா என்னைச் சமையலறை மூலைக்கு இழுத்துப்போய், “அவன்கிட்ட வேற எதை வேணும்னாலும் கேளு. அதை மட்டும் கேட்டுடாதே” என்று விரலை ஆட்டி எச்சரித்திருந்தார். பதினோரு வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று காலை ஏழு மணிக்கு, பின்கட்டில் கொதிக்கும் அண்டாவுக்கு முன்னால், கடிப்பதை விட்டுவிட்டேன்.

மாமா திரும்பவில்லை. அவர் கையில் நீளமான மரக்கோல். அண்டாவுக்குள் கிடந்த துணிகளை அமுக்கினார், புரட்டினார், மறுபடி அமுக்கினார்.

“காதுல விழுந்துதா?”

“இன்னும் பத்து நிமிஷம் கொதிக்கணும்” என்றார்.

இதுதான் மாமாவின் பதில் சொல்லும் முறை. பதினாலு வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கறை பட்ட துணிக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு கொதிநீர், பிறகு கிருமி கொல்லும் மருந்து, பிறகு மூன்று அலசல். ஆஸ்பத்திரித் துணிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் வீட்டில் கைக்குழந்தையின் துணிக்கும். குழந்தையைத் தவிர குழந்தையின் எல்லாவற்றையும் அவர் தொடுவார்.

முன்கதை நீளமில்லை. என் அக்கா, மாமாவின் மனைவி, ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். நாலு மணி நேரம் கழித்து, ரத்தப்போக்கு நிற்காமல், போய்விட்டாள். நான் இரண்டு மாற்றுத் துணியோடு வந்தேன். பத்து நாள் இருப்பதாகப் பேச்சு. பத்து நாள் பதினோரு வாரம் ஆனது, ‘எப்போ கிளம்பறே?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, நான் பெண், எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது!

இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கினார். அக்கா பத்தாம் வகுப்போடு நின்று துணிக்கடையில் பில் போடப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் வேதியியல் படித்தேன். ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு முறை தவணை கேட்டேன், கொடுத்தார்கள். போன வாரம் இரண்டாவது கடிதம் வந்தது: நாளை காலை பத்து மணிக்குள் வந்து சேரவில்லை என்றால் இடம் அடுத்த ஆளுக்கு.

இதைக் குழந்தையிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவளை நாங்கள் கடுகு என்று கூப்பிடுகிறோம். முதல் ஸ்கேன் படத்தில் பார்த்துவிட்டு அக்கா வைத்த பெயர்.

உள்ளே கடுகு அழ ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பசி என்றால் அழுகை குட்டையாக, விட்டு விட்டு வரும். தூக்கம் என்றால் மழுங்கிய ரம்பம் போல இழுக்கும். இது இரண்டும் இல்லை. ஆளைத் தேடும் அழுகை.

வந்த புதிதில் இந்த அழுகையைக் கேட்டால் எனக்குக் கை கால் ஓடாது. வாரித் தூக்குவேன், குலுக்குவேன், விளக்கைப் போடுவேன், ஜன்னலைத் திறப்பேன். அவள் இன்னும் வீறிடுவாள். வாரம் ஒரு முறை எடை பார்க்க வரும் நர்ஸம்மா ஒருநாள் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “முதல்ல நீ மூச்சு விடும்மா. உன் நெஞ்சு தடதடன்னு அடிச்சா அவளுக்கு எங்கேருந்து தைரியம் வரும்?”

பட்டப்படிப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தராத விஷயம். அன்றிலிருந்து தூக்குவதற்கு முன்னால் குரல் கொடுப்பேன். திடீரென்று ஒரு கை வந்து தன்னைப் பிடித்தால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது? பிறகு ஒரு கை தலைக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். திரையை இழுத்து அறையை மங்கலாக்குவேன். நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரே விரலால், மெதுவாக, திரும்பத் திரும்பத் தடவுவேன். குலுக்கல் கிடையாது. நடை மட்டும், அதுவும் ஆமை நடை.

எல்லாவற்றுக்கும் மேலே, நைட்டி.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அக்கா கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிய நைட்டி அது. முதல் வாரத்தில், வேறு துணி கிடைக்காமல், அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடுகைச் சாய்த்தேன். அவள் மூக்கை அதில் புதைத்தாள். இரண்டு முறை பெருமூச்சு விட்டாள். தூங்கினாள். நாலு மணி நேரம் மட்டும் அம்மாவோடு இருந்தவளுக்கு அம்மா வாசனை எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள், அதற்கு முந்தைய ஒன்பது மாதத்தை மறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த நைட்டியை நான் துவைக்கவில்லை. தலையணை உறைக்குள் மடித்துவைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுப்பேன்.

இன்று உறையை எடுத்தேன். காலியாக இருந்தது.

மெத்தைக்கு அடியில் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கடுகை மார்பில் அணைத்தபடி பின்கட்டுக்கு ஓடினேன். மாமா அப்போதுதான் கோலை உயர்த்தினார். கோலின் நுனியில், ஆவி பறக்க, ஊதாப் பூப்போட்ட நைட்டி.

“மாமா. அதை எப்போ எடுத்தீங்க?”

“காலையில. நீ தூங்கிட்டிருந்தே.” அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை கூட இருந்தது. “மூணு மாசமா துவைக்காத துணி. அவ மூஞ்சியில போட்டுத் தேய்க்கிறே. நானும் ரொம்ப நாளா பார்த்துட்டே இருக்கேன். எத்தனை கிருமி சேர்ந்திருக்கும்!”

“அதுல அக்கா இருந்தா.”

“என்ன?”

“அக்கா வாசனை மாமா. அதுக்காகத்தான் துவைக்காம வச்சிருந்தேன். அதை மோந்துக்கிட்டுத்தான் இவ தூங்கறா. பதினோரு வாரமா.”

மரக்கோல் சுவரில் சாய்ந்து நழுவிக் கீழே விழுந்தது. மாமா நைட்டியை வாளித் தண்ணீரில் போட்டு எடுத்தார். பிழிந்தார். முகத்தில் வைத்து முகர்ந்தார். கழுத்துப் பக்கம் முகர்ந்தார். கக்கத்துப் பக்கம் திருப்பி முகர்ந்தார். உள்பக்கத்தை வெளியே எடுத்து, தையல் விளிம்பில் மூக்கை வைத்து, நெடுநேரம் அப்படியே நின்றார்.

“மருந்து வாசனைதான் வருது” என்றார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். “உங்களுக்குத் தெரிஞ்சது துவைக்கறது ஒண்ணுதானா? எதைப் பார்த்தாலும் கொதிக்க வச்சுடுவீங்களா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

சொல்லியிருக்கலாம்தான். இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“தெருமுனை வரைக்கும் கேட்குது! குழந்தை வளர்க்கறீங்களா, சைரன் வளர்க்கறீங்களா?”

மாமாவின் அக்கா வந்துவிட்டார். அடுத்த தெருவில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும். வந்ததும் பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார், புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், என்னை மேலும் கீழும் பார்ப்பார். முகத்துக்கு நேரே அண்ணி என்பேன். மனதுக்குள் அவருக்கு நான் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டர் கடுகைப் பிடுங்கினார். இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினார். ஒரு கையால் தட்டை எடுத்து, கரண்டியால் டங் டங்கென்று தட்டினார். கடுகு திகைத்துப்போய் இரண்டு விநாடி வாயை மூடினாள்.

“பார்த்தியா? இதுக்கெல்லாம் படிப்பு வேண்டாம்.”

மூன்றாவது விநாடி கடுகு முன்னைவிட இரண்டு மடங்கு அலறினாள். நான் வாங்கிக்கொண்டேன். தட்டையும் சேர்த்துத்தான்.

“அண்ணி, நான் இன்னைக்குச் சாயங்காலம் கிளம்பறேன்.”

“எங்கே, கடைக்கா? வரும்போது எனக்குக் கறுப்பு நூல் ரெண்டு…”

“வேலைக்கு. அஞ்சு மணி பஸ். நாளைக்குப் பத்து மணிக்குள்ள சேரணும்.”

நாடாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். “என்ன உளர்றே? உங்கப்பாவும் நானும் பேசி முடிச்சாச்சு. நீ இங்கேயே இருக்கறதுன்னு.”

“இங்கேயேன்னா? எந்த முறையில?”

அவர் நாடாவை ஒரு முனையிலிருந்து சுருட்ட ஆரம்பித்தார். வாளிப் பக்கத்தில் குந்தியிருந்த மாமா தலையைத் தூக்கினார்.

“என்னக்கா பேசி முடிச்சே?”

“அதெல்லாம் அப்புறம். நீ துணியைப் பாரு.” என் பக்கம் திரும்பினார். “படிச்ச திமிரு.”

“திமிர் இல்லாதவங்களுக்கு வேலை தர மாட்டாங்களாம் அண்ணி. அதையும் சேர்த்துத்தான் வளர்த்து வச்சிருக்கேன்.”

“வாய்! தாயில்லாத பிள்ளை. விட்டுட்டுப் போக உனக்கு எப்படி மனசு வருது?”

“தாய்தான் இல்லை. தகப்பன் இருக்காரு. அதோ உட்கார்ந்திருக்காரு.” கடுகின் முகம் தெரியும்படி அவர் பக்கம் திரும்பினேன். “இவளோட மூக்கு யாரு மாதிரின்னு கூட அவருக்குத் தெரியாது. கிட்ட வந்து பார்த்தாத்தானே? ஏன் மாமா? என்ன தப்பு பண்ணா இவ? இவளாலதான் அக்கா செத்தான்னு நினைக்கிறீங்களா?”

“ஏய்!” என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா வேகமாகத் தலையாட்டினார். இல்லை, இல்லை என்று. எழுந்தார். காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னைக்கு அவதான் என்னைக் கீழே சலவைக்கூடத்துக்குப் போகச் சொன்னா. முதல் பிரசவம், நேரமாகும், இங்க நின்னு நகத்தைக் கடிக்கறதுக்குப் போய் வேலையைப் பாருன்னா. நானும் கீழே தானே, கூப்பிட்டா ரெண்டு நிமிஷத்துல ஏறிடலாம்னு போனேன். பதினோரு மணிக்குக் குழந்தை பிறந்துச்சுன்னு சொன்னாங்க. ஓடிப் போய்ப் பார்த்தேன். சிரிச்சா. ஷிஃப்ட் முடிச்சுட்டு நிதானமா வான்னா.”

கடுகின் அழுகை தேய்ந்து கேவலாக மாறியிருந்தது.

“மூணு மணி இருக்கும். மேலேயிருந்து மூட்டை வந்துச்சு. பிரசவ வார்டு. ஈரத்துல கனமா இருந்துச்சு. பிரிச்சேன். ‘யாரு பெத்த பொண்ணோ, ஒரு உடம்புல இவ்வளவு ரத்தமா’ன்னு பக்கத்துல இருந்தவன்கிட்டச் சொன்னேன். சொல்லிட்டு, அள்ளி மெஷின்ல போட்டேன். குளிர்ந்த தண்ணி, முதல் அலசல். பொத்தானை அமுக்கினதுக்கு அப்புறம்தான் மூட்டையில கட்டியிருந்த அட்டையைக் கழட்டினேன். கட்டில் நம்பர் எழுதியிருப்பாங்க. ஏழு.”

அக்காவின் கட்டில் ஏழு.

“மெஷின் ஓட ஆரம்பிச்சா கதவு பூட்டிக்கும். கண்ணாடி வழியா தெரியும். தண்ணி செவப்பா சுத்திச்சு. அப்புறம் வெளுத்துச்சு. நான் மேலே ஓடினேன்.” வலது கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் கைதான். இதால எப்படி அவளைத் தொடறது?”

இன்ஸ்பெக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். சுருட்டிய நாடா அவிழ்ந்து மடியில் கிடந்தது. “டேய்… என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையேடா.”

“நீ கேட்கலையேக்கா. யாரும் கேட்கக் கூடாதுன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தே.”

ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது வராது. அடி பட்டால் ‘கண்ணு தெரியலையா’ என்று திட்டிக்கொண்டே மருந்து போடுகிற வம்சம். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“அந்தக் கை துவைச்ச துணியைத்தான் இவ பிறந்ததிலேருந்து கட்டறா. ஒரு நாள் கூட இவ இடுப்புல ஒரு செவப்பு, ஒரு தடிப்பு வந்ததில்லை. நர்ஸம்மாவே கேட்டாங்க, யாரு துவைக்கறதுன்னு.”

மாமா உள்ளங்கைகளை மறுபடி பார்த்தார்.

“எழுந்திருங்க. போய்க் குளிங்க. ஆஸ்பத்திரி சோப்பு வேண்டாம்.”

“அப்புறம் எதால?”

“வெறும் தண்ணி. அந்த மருந்து சோப்பு நெடி அடிச்சாலே இவ முகத்தைத் திருப்பிக்கறா. உங்க வாசனை உங்க மேலேயே இருக்கட்டும். அடையாளம் கண்டுபிடிக்க அவளுக்கும் ஏதாவது வேண்டாமா?”

குளித்துவிட்டு, இடுப்பில் வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தார். பரிசோதனைக்குப் போகிற நோயாளி போல இருந்தது முகம். உள்ளறையில் திரையை இழுத்தேன். சுவரில் தலையணை வைத்துச் சாயச் சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். கடுகின் சட்டையைக் கழற்றினேன். இடுப்புத் துணி மட்டும்.

“தொடறதுக்கு முன்னாடி அவகிட்டச் சொல்லுங்க.”

“என்னன்னு?”

“யாரு வர்றான்னு.”

அவர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். “அப்பா…” என்றார். மீதி வரவில்லை. அது போதும் என்று நான் அவளைக் கொடுத்தேன்.

மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறவர் போல, இரண்டு கையையும் நீட்டி, உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். கடுகு அந்தரத்தில் காலை உதைத்து வீறிட்டாள்.

“நெஞ்சுல சாய்ச்சுக்குங்க. இன்னும். அவ காது உங்க நெஞ்சுல படணும். ஒரு கை முதுகுல. அப்படியே வைங்க, தட்ட வேண்டாம்.”

“அழறா. வாங்கிக்கோ.”

“வாங்க மாட்டேன்.” என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாசற்படியில் இன்ஸ்பெக்டர் ஓர் அடி எடுத்து வைத்தார். “அண்ணி, நீங்களும்தான்.” ஆச்சரியம், நின்றுவிட்டார்.

“என்ன பண்ணா நிறுத்துவா?” மாமாவுக்கு நெற்றியில் வேர்த்தது.

“நிறுத்தறதுக்குன்னு ஒண்ணும் பண்ணாதீங்க. அழட்டும். அழும்போது கூட இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும். ஏதாவது பேசுங்க. உங்க குரல் நெஞ்சு வழியா அவளுக்குக் கேட்கும்.”

“எனக்குப் பேசத் தெரியாதே.”

“தெரிஞ்சதைப் பேசுங்க.”

கொஞ்ச நேரம் அழுகை மட்டும்தான். பிறகு, மிகத் தாழ்வாக, யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சொல்லித் தருகிற மாதிரி ஆரம்பித்தார்.

“விரிப்புன்னா நாலு முனை. ஒரு ஆளால மடிக்க முடியாது. ரெண்டு பேர் வேணும். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இழுத்துப் பிடிக்கணும்… சுருக்கம் போகணும். உதறணும். அப்புறம் முனையோட முனை சேர்த்து… மடிச்சுக்கிட்டே கிட்ட வரணும். நீ என் கையில கொடுத்துட்டு, மீதியைக் கீழே குனிஞ்சு பிடிக்கணும்…”

அழுகை ஓர் இடத்தில் தடுக்கியது. விக்கினாள். மறுபடி ஆரம்பித்தாள், ஆனால் பழைய வேகம் இல்லை. கன்னத்தை அவர் நெஞ்சில் இப்படியும் அப்படியும் தேய்த்தாள். அவர் இரண்டாவது விரிப்பை மடித்தார், மூன்றாவதை மடித்தார், போர்வைக்குப் போனார், தலையணை உறைக்குப் போனார். உறை வரும்போது அவளுடைய முஷ்டி திறந்தது. ஐந்து விரலும் அவர் மார்பில் பரவின.

மாமா சிலையானார்.

“மூச்சு விடுங்க மாமா.”

விட்டார். அந்த மூச்சோடு அவளும் ஏறி இறங்கினாள். அவர் மெல்லக் குனிந்து, முதல் முறையாக, தன் மகளின் தலை உச்சியை முகர்ந்தார்.

“இதுல மருந்து வாசனை இல்லை” என்றார். கொஞ்சம் கழித்து, “இது என்ன வாசனை?” என்று கேட்டார்.

வாசற்படியில் இன்ஸ்பெக்டர் நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, தூசி என்றார்.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. கால் மணி நேரம் இருக்கும், அதற்குள் கடுகு அவர்மேல் ஒண்ணுக்குப் போனாள். இடுப்புத் துணியைத் தாண்டி, அவர் வயிற்றில் வழிந்து, வேட்டியில் இறங்கியது.

“நனைச்சுட்டா” என்றார்.

“சொந்தம் கொண்டாடிட்டா.”

ஒரு துளி கறை பார்த்தால் வாளியைத் தேடுகிற மனிதர், எழுந்திருக்கவில்லை. அவள் தூங்கி முடிக்கும்வரை அப்படியே ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்.

மதியம் பால் கொடுத்தார். வேகமாகச் சாய்த்துப் புரையேற்றினார், திட்டினேன், சரியாகப் பிடித்தார். மெல்லிய துணியை விரித்து அவளைச் சுற்றி மடிக்கும்போது மட்டும் நான் திட்ட ஒன்றுமே இல்லை. பதினோரு வாரம் முயன்றும் எனக்கு வராத மடிப்பு அது. “இடுப்புக்குக் கீழே தளர்வா இருக்கட்டும், காலை மடக்கி நீட்ட இடம் வேணும். மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும்” என்றேன். தளர்த்தினார். அவ்வளவுதான்.

பிறகு என் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஆஸ்பத்திரி ஊழியர்களின் குழந்தைகளுக்கு, சலவைக்கூடத்துக்கு மூன்று கதவு தள்ளி, ஒரு காப்பகம் இருக்கிறது. பன்னிரண்டு வாரம் நிறைந்த குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே படிவம் வாங்கி எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தேன். தகப்பன் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் காலி.

“பன்னெண்டு வாரம் நிறைய இன்னும் ஒரு வாரம் இருக்கு” என்றேன். “அந்த ஒரு வாரம் நீங்க லீவு போடணும்.”

“ஆம்பளைக்குக் குழந்தை பார்க்க யாரு லீவு தருவாங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா ஃபோனை எடுத்தார். ஒரு கையில் கடுகு, நன்றாக விழித்துக்கொண்டு, சிணுங்கிக்கொண்டு. “சார், ஒரு வாரம் லீவு வேணும்… இல்லை சார், எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு… காரணமா? கேட்குதா சார்?” ஃபோனை மகளின் வாய்ப் பக்கம் பிடித்தார். கடுகு சமயம் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். “இதுதான் சார் காரணம்.”

கையெழுத்துப் போட்டார்.

நாலேகாலுக்கு என் பை வாசலில் இருந்தது. இரண்டு மாற்றுத் துணி, சான்றிதழ்க் கோப்பு, கடிதம். இன்ஸ்பெக்டர் நிலைப்படியில் நின்றார், ஒரு பக்கத்துக் கதவு போல.

“ஒரு நாள் தூக்கிட்டா ஆச்சா? நாளைக்கு இவ கத்தும்போது இவன் என்ன பண்ணுவான்?”

“நீங்க இருக்கீங்களே. ஆனா அந்தத் தட்டை மட்டும் எடுக்காதீங்க.”

“உங்கக்கா இருந்திருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பா? யோசிச்சியா?”

உள்ளேயிருந்து மாமாதான் பதில் சொன்னார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாயாடாம கிளம்புன்னு சொல்லியிருப்பா.”

ஆனால் நான் செருப்பில் கால் நுழைத்தபோது வெளியே வந்து, கண்ணைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார். “ஒரே ஒரு வாரம்… இருக்க முடியாதா?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். திட்டுக்குப் பதில் இருக்கிறது. கெஞ்சலுக்கு என்னிடம் எப்போதும் பதில் இருந்ததில்லை.

“முடியாது மாமா.”

தலையாட்டினார். அவர் தோளில் கடுகு விழித்திருந்தாள். தூங்கும்போது நழுவிப் போவது களவு மாதிரி. அதனால் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். “சித்தி போறேன். வருவேன். எந்தத் தேதின்னு இப்ப சொன்னா பொய்யாயிடும்.” அவள் என் மூக்கைப் பார்த்தாள். அவளுக்கும் அதே மூக்குதான். என்னுடையதும் இல்லை அது, அக்காவினுடையது.

இன்ஸ்பெக்டர் நிலைப்படியிலிருந்து விலகினார். விலகும்போது சொன்னார். “மத்தியானமே உங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணிட்டேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறார். ஏற விட மாட்டேன்னுதான் சொன்னார். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே.”

மாமா திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டினேன். அப்பா ஸ்டாண்டில் நிற்கட்டும். எத்தனை மூட்டை இறக்கி வைத்த இடம் அது. இன்று ஒரு மூட்டை ஏறிப் போவதையும் பார்க்கட்டும்.

படி இறங்கினேன். இரண்டாவது வீட்டைத் தாண்டுவதற்குள் கடுகு ஆரம்பித்தாள். ஆளைத் தேடும் அழுகை. எனக்கு மார்பெல்லாம் இழுத்தது. பால் கொடுத்தவள் கூட இல்லை நான். பின்னால் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். பிறகு இன்னொரு குரல், தாழ்வாக, ஏதோ சொல்ல ஆரம்பித்தது. என்ன என்று பிடிபடவில்லை.

தையல் கடை, சைக்கிள் கடை, பூட்டிய வீடு. அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. தெரு திரும்பும் இடத்தில் கேட்கவில்லை. அவள் நிறுத்திவிட்டாளா, இல்லை நான்தான் தூரம் வந்துவிட்டேனா?

ஒரு நிமிடம் நின்று காது கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நிற்கவில்லை.